தூளிக்கு மேலே ஒரு கறை

2022-ஆம் வருஷம் கார்த்திகை மாதம். மாண்டஸ் புயல் வரப்போகிறது என்று ரேடியோவிலும் டிவியிலும் சொல்லிக்கொண்டிருந்த வாரம். பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பேரக்குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று என் மகள் தூளியிலிருந்து தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். "தடால்" என்று ஒரு சத்தம். பூனைதான் பாத்திரத்தைத் தள்ளிவிட்டதோ என்று நினைத்து நடு அறைக்கு ஓடினேன்.

தூளி தரையில் கிடந்தது. அதன்மேல் மேல்தளத்திலிருந்து பெயர்ந்த சிமெண்ட் பாளம் ஒன்று, தோசைக்கல் அகலத்துக்கு. கூடவே தூளி மாட்டியிருந்த இரும்புக் கொக்கியும் விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். துருப்பிடித்த கம்பிகள் இரண்டு பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தன.

என் மகள் குழந்தையோடு வந்து வாசலில் நின்றவள், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷம்! ஐந்து நிமிஷம் தாமதமாகியிருந்தால்... அதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

சகோதரிகளே, இது தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். குழந்தை பிழைத்தது தெய்வச் செயல்தான். ஆனால் பாளம் விழுந்தது எங்கள் செயல். அதை மறைத்து என்ன பயன்?

எங்களுடையது கடலூரில் என் மாமனார் 1991-இல் கட்டிய வீடு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததே, அன்று பக்கத்து வீட்டு மாமரத்தின் பெரிய கிளை எங்கள் மொட்டைமாடியில் விழுந்து தட்டோடுகள் பத்துப் பன்னிரண்டு உடைந்தன. ஊரே அலங்கோலமாகக் கிடந்த நேரம். ஆள் கிடைக்காமல், கிடைத்த ஒருவரை வைத்துச் சிமெண்டைக் குழைத்து அப்பினோம். அதோடு மறந்துவிட்டோம். ஏழெட்டு வருஷம் கழித்து நடு அறையின் மேல்தளத்தில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. "ஏங்க, அங்கே பாருங்க" என்றேன். "மழை விட்டா காஞ்சிடும்மா" என்றார் இவர். காய்ந்தது. அடுத்த மழைக்கு மறுபடி வந்தது, இன்னும் கொஞ்சம் பெரிதாக.

மகளுக்கு வளைகாப்பு வந்தது. நாலு பேர் வரும் வீடு. மேலே கறையோடு இருந்தால் நன்றாகவா இருக்கும்? பெயிண்டரைக் கூப்பிட்டோம். அவர் சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்தார். பால் மாதிரி ஆகிவிட்டது. "அத்தை, வீடு புதுசா ஆயிடுச்சு!" என்று நாத்தனார் மகள் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வெள்ளைக்கு அடியில்தான் கம்பி துருவேறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே தூளியைக் கட்டியதும் நான்தான்.

கம்பி ஏன் துரு ஏறுகிறது?

அன்று மாலையே வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார் இவர். அவர் மூங்கில் கழியை வாங்கி, மேல்தளம் முழுக்க அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் "ணங் ணங்" என்று கெட்டியான சத்தம். பெயர்ந்த இடத்தைச் சுற்றி "பொத் பொத்" என்று ஓட்டைப் பானை மாதிரி. "காது கொடுத்துக் கேளுங்கம்மா. எங்கே பொத்துன்னு கேக்குதோ, அங்கெல்லாம் உள்ளே விட்டுப்போச்சு" என்றார். சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பார்த்தால் அந்தக் கோடு ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்தது!

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். காங்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலம் போலத்தான் சிமெண்ட் மூடி இருக்கும். மேலேயிருந்து தண்ணீர் கசிந்து கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு என்பது வெறும் நிறம் மாறுவது இல்லை. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பருத்துக்கொள்ளும். பருத்தால் இடம் வேண்டுமே? சுற்றியுள்ள சிமெண்டை நெம்பித் தள்ளும். முதலில் கம்பி ஓடும் வழியில் கோடு மாதிரி விரிசல் வரும். பிறகு உப்பிக்கொண்டு வரும். அப்புறம் ஒருநாள் விழும். எங்களைப் போலக் கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றால் இது இன்னும் சீக்கிரம்.

ஆகவே பட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது, புண்ணைக் கழுவாமல் மேலே பவுடர் போடுகிற கதைதான். வெளியே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே புரையோடும்.

சரியான வைத்தியம் எப்படி நடந்தது என்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் வழியை அடைத்தார்கள். இதுதான் முக்கியம்! மேலே அடைக்காமல் கீழே பூசினால் காசைக் கரைத்த மாதிரி. பிறகு கீழே, பொத்தென்று கேட்ட இடம் முழுவதையும் உளியால் கொத்தி எடுத்தார்கள். கம்பியின் முதுகுப்பக்கமும் தெரியும்வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, துரு தடுக்கும் பூச்சு அடித்தார்கள். சிமெண்டில் பாலிமர் பால் சேர்த்துக் குழைத்து, ஒரே தடவையாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாகப் பூசினார்கள். ஏழு நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தோம். ஒரு கம்பி மட்டும் ரொம்ப மெலிந்து போயிருந்தது. மேஸ்திரி அதில் கை வைக்கவில்லை. "இதை இன்ஜினீயர் பாத்துச் சொல்லட்டும்மா" என்று நிறுத்திவிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான். இன்ஜினீயர் வந்து, பக்கத்தில் வேறு கம்பி சேர்த்துக் கட்டச் சொன்னார். அதுவரை கீழே முட்டுக் கொடுத்து, அந்த அறையையே பூட்டி வைத்தோம்.

மேலும் கீழுமாக எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் ஆயிற்று. தானே புயல் முடிந்த கையோடு தட்டோடுகளை ஒழுங்காகப் பதித்திருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

உங்கள் வீட்டில் தூளி கட்டும் கொக்கி, ஊஞ்சல் கொக்கி, ஃபேன் கொக்கி இருக்கிற இடத்தைச் சுற்றி இன்றைக்கே ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கறையோ கோடோ உப்பலோ இருந்தால் அதில் குழந்தையைத் தொங்கவிடாதீர்கள். குழந்தையின் கனம் நாலு கிலோதானே என்று நினைக்கக் கூடாது. ஆட்டும்போது அந்தக் கொக்கி ஒவ்வொரு வீச்சுக்கும் இழுபடுகிறது. எங்கள் பேரன் பிறகு இரும்பு ஸ்டாண்டில் கட்டிய தூளியில்தான் தூங்கினான். இடத்தை அடைக்கத்தான் செய்கிறது, என்ன செய்வது?

ஈரம் எங்கிருந்து வருகிறது?

சுவரில் ஈரம் என்றதும் எல்லோரும் மழையின் மேல் பழியைப் போடுகிறோம். கொஞ்சம் துப்பறிய வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் வந்து கோடையில் மறைந்தால் மாடியோ வெளிச்சுவரோ காரணம். சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லை என்றால் உள்ளே ஏதோ குழாய் கசிகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரம் வரைக்கும் பூச்சு உதிர்ந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் நிலத்து ஈரம் சுவர் வழியே ஏறுகிறது. மேல் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே கறை இருந்தால் அங்கே தரையிலுள்ள நஹானி டிராப்பின் விளிம்பையோ டைல்ஸ் இடுக்கையோ பார்க்க வேண்டும்.

குழாய் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. ராத்திரி எல்லோரும் படுக்கப் போகும்போது, வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மேல் தொட்டியில் தண்ணீர் மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் புழங்கும் முன் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ராத்திரி யாராவது ஃபிளஷ்ஷை அழுத்தினால் கணக்குக் கெட்டுப்போகும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் முதல் நாள் சோதனை என் மாமியாரால் வீணாயிற்று!

சுவரில் பூத்திருப்பது உள்ளேயிருந்து வரும் ஈரமா, அறைக் காற்றிலிருந்து படியும் ஈரமா என்ற சந்தேகம் வந்தால், ஒரு முழம் பிளாஸ்டிக் காகிதத்தைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். காகிதத்துக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் மட்டும் பூத்திருந்தால் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும்.

ஒரு எச்சரிக்கை. மாடியில் தண்ணீர் தேக்கி வைத்துக் கசிவைச் சோதிப்பது வழக்கம்தான். ஆனால் ஏற்கெனவே உப்பிய தளத்தில் அதைச் செய்யக் கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பாரம். ஒரு அறை அளவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. ஆகையால் புரட்டாசி பிறந்ததும் நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவேன். முதல் வேலை, தண்ணீர் போகும் துவாரங்களை நோண்டிச் சுத்தம் செய்வது. வேப்பிலைச் சருகும் காற்றில் பறந்து வந்த பாலிதீன் பையும் அடைத்துக்கொண்டால், ஒரு மழைக்கு மாடியே குளமாகிவிடும். அடுத்தது, கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்று, ஆலங்கன்று. அரசு புனிதமான மரம், பிடுங்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. என் மாமியாரும் தயங்கினார். வேரோடு எடுத்துக் கோவில் நந்தவனத்தில் நட்டுவிட்டோம், அவருக்கும் திருப்தி. இலையை மட்டும் கிள்ளி எறிந்தால் வேர் உள்ளே தடித்துச் சுவரைப் பிளந்துவிடும். அப்புறம், தட்டோடுகளின் இடுக்கு. கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் ஆடுகிற ஓடு தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு மறுபடி பதித்து, இடுக்கில் நீர் புகாத கலவையை அடைக்க வேண்டும். வெறும் சிமெண்ட் குழம்பை ஊற்றினால் அடுத்த கோடையில் வெடித்துவிடும், எங்கள் கதைதான்.

மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள். தேக்குக் கட்டைகளின்மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட தளம் அது. கடுக்காயும் வெல்லமும் ஊறின நீர் விட்டு இடித்த அந்தக் காலத்து வேலை. அதில் சிமெண்டைக் கனமாகப் போட்டு அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரக்கட்டை உளுத்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள். இப்போது அப்படிப்பட்டவர்கள் குறைவுதான்.

சொட்டும் குழாய்

இனி நாமே செய்யக்கூடிய வேலைகளுக்கு வருவோம். எங்கள் பின்கட்டுக் குழாய் இரவெல்லாம் "சொட்... சொட்..." என்று தாளம் போடும். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அடியில் பக்கெட் வைத்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு அரை பக்கெட்! பிளம்பர் வந்து போக 300 ரூபாய். மாற்ற வேண்டிய வாஷரோ பத்து ரூபாய்க்குள். ஒரு தடவை அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், பிறகு அவரைக் கூப்பிடவில்லை.

முதலில் அந்தக் குழாய்க்கு வரும் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கீழே சாக்கடைத் துவாரத்தின்மேல் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள், திருகாணி உள்ளே விழுந்தால் அதைத் தேடுவது தனி வேலை. நட்டின் மேல் பழைய துணி சுற்றிவிட்டு ஸ்பானரைப் போட்டால் பளபளப்பு கெடாது. இடப்பக்கமாகத் திருகிக் கழற்றினால் உள்ளே தண்டு வரும். அதன் அடியில் நைந்துபோன கறுப்பு ரப்பர் வட்டம்தான் குற்றவாளி. பழைய வாஷரையே கடைக்கு எடுத்துப் போங்கள். "அரை இஞ்ச் குழாய்க்கு" என்று வாயால் சொல்லி வாங்கி வந்து, அளவு சேராமல் நான் இரண்டு நடை நடந்திருக்கிறேன்.

கால் சுற்றிலேயே திறந்து மூடும் இப்போதைய குழாய்களில் இந்த ரப்பர் இருக்காது. உள்ளே பீங்கான் தட்டு வைத்த ஸ்பிண்டில் முழுவதாகவே மாற்ற வேண்டும். அதையும் மாதிரிக்குக் கொண்டுபோய் வாங்குவதே நல்லது.

குழாயையே கழற்றி மாட்டும்போது மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுகிறோம் அல்லவா? மரை நம் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். நான் இதில் தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன்.

கேட் வால்வுகளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிப்போய், குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சும் நேரத்தில் காலை வாரிவிடும். இறுகினதை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், தண்டு ஒடிந்தால் வீடே வெள்ளக்காடு.

மேல் தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் பாசி பிடிக்கிறதா? மிதவைப் பந்தைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டால் அது மிதக்காது, தண்ணீரை நிறுத்தவும் நிறுத்தாது. பந்தை மாற்றினால் போதும். மோட்டார் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருந்தால் காயில் எரிந்துவிடும். பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். அதை மட்டும் நாம் தொட வேண்டாம், கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம்

ஈரமான கையோடு கிரைண்டரைத் தொட்டால் "சுர்" என்று இழுக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு அரைக்கிறேன் என்று சர்வ சாதாரணமாகச் சொல்லும் பெண்கள் எத்தனை பேர்! அது மெஷினின் இயற்கைக் குணம் இல்லை, அம்மா. உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது, அதோடு வீட்டில் எர்த்தும் சரியாக இல்லை என்று அர்த்தம். இன்றைக்குச் "சுர்", நாளைக்கு என்ன என்று சொல்ல முடியாது. அந்த கிரைண்டரைப் பழுது பார்க்கும்வரை மாவை மிக்சியில் அரையுங்கள், இட்லி கொஞ்சம் கல்லாக இருந்தாலும் பரவாயில்லை.

மீட்டர் பெட்டி பக்கத்தில் ஆர்சிசிபி என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன்கள் "டிரிப்பர்" என்றும் சொல்வார்கள். போகிற மின்சாரத்துக்கும் திரும்பி வருகிற மின்சாரத்துக்கும் வித்தியாசம் வந்தால், அதாவது யார் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் போடுவார்கள். எம்சிபி மட்டும் இருந்தால் போதாது. அது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்ற அதனால் முடியாது. ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரப் பொருள்.

அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி எறிந்த வீடுகளையும் எனக்குத் தெரியும். ஐயோ, அது செய்கிற உபகாரத்துக்குத் தண்டனையா? எல்லா பிளக்கையும் உருவிவிட்டு ஆர்சிசிபியைப் போடுங்கள். ஒவ்வொன்றாகச் சொருகி ஓட்டிப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதில்தான் கோளாறு. எதையும் சொருகாமலே விழுந்தால் ஒயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கலாம், எலக்ட்ரீஷியன் வரட்டும்.

எங்கள் நடு அறைக் கறை ஸ்விட்ச் போர்டு பக்கம் இறங்கவில்லை, அது ஒரு புண்ணியம். சுவர் நனைந்து ஈரம் போர்டு வரை வந்துவிட்டால் அதைத் தொடாமல் மெயினை நிறுத்துங்கள். பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்தால், ஃபியூஸ் போகிறதே என்று தடிமனான கம்பியைக் கட்டாதீர்கள். பலவீனமான ஃபியூஸ் போவதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் ஒயர் போய்விடும். எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் மாமனார் காலத்து வழக்கம், நல்ல வழக்கம்.

சமையலறை சிங்க்

சிங்க்கில் தண்ணீர் போகவில்லை என்றால் பாதி வீடுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும்தான் காரணம். அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, சொம்பு மாதிரி இருக்கும் பாட்டில் டிராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கழுவி மாட்டும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியையும் வெந்நீரையும் நேரே சிங்க்கில் கொட்டுவதை நிறுத்துங்கள். பிவிசி குழாய் சூட்டில் இளகி வளைந்து, மூட்டில் கசிய ஆரம்பிக்கும். கொஞ்சம் ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் விடுங்கள்.

இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தகும். அடைப்பு எடுக்கிறேன் பேர்வழி என்று பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், விஷம். கதவைச் சாத்திக்கொண்டு குளியலறை கழுவும்போது இது நடந்தால் மூச்சு முட்டிவிடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆசிட் பாட்டிலையே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

மழையில் கதவு ஊறிப் பிடிக்கிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். கோடையில் மரம் சுருங்கியதும் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். எங்கே உரசுகிறது என்று பார்த்து மெழுகுவத்தியையோ சோப்பையோ அழுத்தித் தேய்த்தால் மழைக்காலம் ஓடிவிடும். கீல் ஆணி பிடிக்காமல் சுற்றுகிறதா? ஆணியைக் கழற்றி, தீக்குச்சிகளின் தலையை ஒடித்துவிட்டுப் பசையில் தோய்த்துத் துவாரத்தில் திணித்துக் காயவிட்டு, மறுபடி முடுக்குங்கள். கல்லாட்டம் நிற்கும். நிலைப்படியில் கரையான் கோடு தெரிந்தால் துடைப்பத்தால் தட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள், அது வழி மட்டும்தான், கூட்டம் வேறெங்கோ இருக்கிறது. மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிட்டு, பக்கத்தில் ஈரம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். காஸ் ரப்பர் குழாயில் எந்த வருஷம் வரை என்று அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. கசிகிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை தடவுங்கள், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். காஸ் கசிவுக்கு இரவு பகல் எந்நேரமும் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வீட்டில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எந்த வால்வு எந்தக் குழாய்க்கு, செப்டிக் டேங்க் மூடி எங்கே, சுவருக்குள் ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்த வருஷம் யார் என்ன வேலை செய்தார், எவ்வளவு வாங்கினார் எல்லாம் அதில் இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் "மொத்தமா இவ்வளவுங்கம்மா" என்றால் ஒப்புக்கொள்ளாமல், சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்பேன். மூடிவிடுகிற வேலையாக இருந்தால், மூடும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்வேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. முணுமுணுக்கட்டும். பெயிண்டர் அன்று பட்டி வைக்கும் முன் நான் ஸ்டூல்மேல் ஏறி ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எனக்கே சத்தம் கேட்டிருக்கும்.

போன மழைக்கு நடு அறையில் நின்று மேல்தளத்தைத் தொட்டுப் பார்த்தேன், சொட்டு ஈரம் இல்லை. பேரன் ஊரிலிருந்து வந்திருந்தான், கழியை எடுத்துக்கொண்டு அவனும் சுவரெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் சமையலறை ஜன்னலுக்கு மேலே சன்ஷேடின் அடிப்பக்கம் கம்பி ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய கோடு புதிதாகத் தெரிகிறது. அதற்குக் கீழேதான் குழந்தை நின்று காக்கைக்குச் சோறு வைப்பான். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறேன்.